சேவல் வீட்டு வைத்தியர்

தேடி வந்தவருக்கு மட்டும் விளம்பரம் காட்டிய ரெனோதோவின் வாழ்க்கை

கைபேசியில் சமையல் குறிப்பு பார்த்துக்கொண்டிருக்கிறாள் ஓர் அம்மா. அடுப்பில் எண்ணெய் காய்கிறது. அடுத்து என்ன போட வேண்டும் என்று பார்ப்பதற்குள், திரை முழுவதையும் ஒரு விளம்பரம் மறைத்துவிடுகிறது. மோட்டார் கார் விளம்பரம்! அவளுக்குக் கார் வாங்கும் எண்ணமே இல்லை. விளம்பரத்தை மூடும் இடமும் தெரியவில்லை. எண்ணெய் புகைகிறது.

அதே நேரத்தில், அடுத்த தெருவில் ஒருவர் பழைய தையல் இயந்திரத்தை விற்க ஆள் தேடிக்கொண்டிருக்கிறார். அந்த அம்மாவோ தையல் இயந்திரம் வாங்கப் பல நாட்களாக அலைகிறாள். அந்த விளம்பரம் மட்டும் அவள் கண்ணில் படவில்லை!

வேண்டாதது ஓடி வருகிறது. வேண்டியது கிடைக்க மாட்டேன் என்கிறது.

இந்தத் தொல்லை இன்று முளைத்தது அல்ல. சுமார் 400 ஆண்டுகளுக்கு முன்பே பிரான்சு தேசத்தில் ஒரு வைத்தியர் இதைப் பற்றி யோசித்தார். யோசித்ததோடு நிற்கவில்லை. ஒரு வழியும் செய்து காட்டினார். அதனால் புகழ் பெற்றார். பகையும் தேடிக்கொண்டார். கடைசியில் கையில் காசு இல்லாமல் கண்ணை மூடினார்.

அவர் பெயர் தியோபிராஸ்ட் ரெனோதோ.

லூதன் ஊர்ப் பிள்ளை

பிரான்சு தேசத்தின் மேற்குப் பகுதியில் லூதன் என்று ஒரு சிறிய ஊர். அந்த ஊரில் 1586-ம் ஆண்டு ரெனோதோ பிறந்தார். அவருடைய குடும்பம் புராட்டஸ்டண்டு கிறிஸ்தவக் குடும்பம். நாட்டில் கத்தோலிக்கர்களே அதிகம். இரண்டு பிரிவாருக்கும் இடையே பல ஆண்டுகளாகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம் அது. ரெனோதோ பின்னாளில் கத்தோலிக்கராக மாறினார்.

பிள்ளை படிப்பில் கெட்டிக்காரன். வைத்தியம் படிக்க ஆசைப்பட்டான். பிரான்சின் தென்கோடியில் மோன்பெல்லியே என்ற நகரம் இருக்கிறது. அங்கே பெயர் பெற்ற வைத்தியக் கல்லூரி ஒன்று இருந்தது. அதில் சேர்ந்து படித்து, 1606-ம் ஆண்டு ரெனோதோ டாக்டர் பட்டம் வாங்கினார். அப்போது அவருக்கு வயது 20 கூட நிரம்பியிருக்குமா என்பது சந்தேகம்!

படிப்பு முடிந்ததும் சில காலம் வெளிதேசங்களில் சுற்றினார். பிறகு ஊருக்குத் திரும்பி வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். கலியாணம் செய்துகொண்டார். குழந்தைகள் பிறந்தன.

நோயாளிகள் வீட்டுக்குப் போகும் வைத்தியர், நாடியை மட்டும் பார்ப்பதில்லை. வீட்டின் நிலையையும் பார்த்துவிடுகிறார். ரெனோதோ பார்த்தது வறுமை. பசியால் வந்த நோய்க்கு மருந்து கொடுத்து என்ன பயன்? வேலை கிடைத்தால் சாப்பாடு கிடைக்கும். சாப்பாடு கிடைத்தால் பாதி நோய் ஓடிவிடும். இந்த எண்ணம் அவர் மனத்தில் ஆழமாகப் பதிந்தது. ஏழைகளின் நிலையைப் பற்றி அவர் ஒரு நூலே எழுதினார்.

ஒரு தந்தையின் யோசனை

அவர் படித்த நூல்களில் ஒன்று, மொந்தேன் என்ற பிரெஞ்சு அறிஞர் எழுதியது. 1580-ம் ஆண்டு முதல் வெளிவந்த கட்டுரைகள் அவை. அவற்றில் ஒரு கட்டுரையில், மொந்தேன் தம் தந்தையாரின் யோசனை ஒன்றைச் சொல்லியிருந்தார்.

ஒவ்வொரு ஊரிலும் ஓர் இடம் இருக்க வேண்டும். அங்கே ஓர் அலுவலர் உட்கார்ந்திருக்க வேண்டும். முத்து விற்க வேண்டியவர், வேலைக்காரன் தேவைப்படுபவர், பயணத்துக்குத் துணை தேடுபவர் எல்லோரும் அங்கே வந்து தங்கள் தேவையை எழுதிவைக்க வேண்டும். இதுதான் யோசனை.

அந்தக் கட்டுரையில் மற்றொரு செய்தியும் இருந்தது. பெரிய அறிஞர்கள் இருவர், வயிறாரச் சாப்பிட வழியின்றி இறந்துபோனார்கள். அவர்களுடைய நிலை தெரிந்திருந்தால் உதவி செய்ய ஆயிரம் பேர் இருந்தார்கள். ஆனால் தெரியவில்லை!

கொடுக்க மனம் உள்ளவர் ஒரு பக்கம். கை நீட்டத் தயங்குபவர் மறுபக்கம். நடுவில் ஒரு சுவர். அந்தச் சுவரில் ஒரு ஜன்னல் வைத்தால் போதும் என்று ரெனோதோ நினைத்தார்.

மொந்தேனின் தந்தை சொன்ன யோசனை, சொன்னதோடு நின்றுவிட்டது. அதைச் செய்து காட்டுவது என்று ரெனோதோ தீர்மானித்தார்.

பெரிய இடத்து நட்பு

லூதன் பகுதியில் ஜோசப் பாதிரியார் என்ற துறவி இருந்தார். எளிய உடை உடுத்தியவர். ஆனால் பெரிய இடங்களில் அவர் வார்த்தைக்கு மதிப்பு உண்டு. இளம் வைத்தியரின் பேச்சு அவருக்குப் பிடித்துப்போயிற்று. அவர் மூலமாக மற்றொருவருடைய ஆதரவும் ரெனோதோவுக்குக் கிடைத்தது. அவர்தான் ரிஷலியூ. அப்போது அவர் பிஷப். பின்னாளில் பிரான்சையே ஆட்டிவைத்த முதல் மந்திரி!

1612-ம் ஆண்டு ரெனோதோவுக்குப் பாரிசிலிருந்து அழைப்பு வந்தது. அப்போது மன்னர் 13-ம் லூயிக்கு வயது 11தான். ரெனோதோவுக்கு அரச வைத்தியர் என்ற பட்டம் கிடைத்தது. தேவைகளைப் பதிவு செய்யும் நிலையம் நடத்த அனுமதியும் கிடைத்தது. 1618-ம் ஆண்டு, நாடு முழுவதற்கும் ஏழைகள் நல அதிகாரி என்ற பதவியும் கிடைத்தது.

பட்டம் வந்தது, பதவி வந்தது. ஆனால் நிலையம் வரவில்லை! தலைநகரில் அதற்கு எதிர்ப்பு இருந்தது. ரெனோதோ லூதனிலேயே வைத்தியம் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். 1624-ம் ஆண்டு ரிஷலியூ முதல் மந்திரி ஆனார். அதன் பிறகே ரெனோதோ குடும்பத்தோடு பாரிசில் வந்து குடியேறினார்.

ஒரே கூச்சல்!

அந்தக் காலத்துப் பாரிஸ் நகரம் எப்படி இருந்தது? காலையில் கண் விழித்தால் கூச்சல். மீன் விற்பவள் கூவுவாள். தண்ணீர் சுமப்பவன் கூவுவான். பழைய துணிக்காரன், விறகுக்காரன், பழக்காரி என்று வரிசையாக வருவார்கள். ஒருவர் குரலை மற்றொருவர் குரல் அமுக்கும்.

அவர்கள் மேல் குற்றம் இல்லை. கூவினால்தான் அன்றைக்கு அடுப்பு எரியும். ஆனால் தெருவில் போகிற எல்லோருடைய காதிலும் எல்லாக் குரலும் விழுந்தது. மீன் சாப்பிடாதவர் காதிலும் மீன். விறகு நிறைய வைத்திருப்பவர் காதிலும் விறகு. அதே வேளையில், வேலை தேடிக் கிராமத்திலிருந்து வந்த பையனுக்கு, எந்த வீட்டில் ஆள் தேவை என்று சொல்ல ஒரு குரலும் இல்லை. அவன் கையில் இருந்த காசு கரையும்வரை தெருத் தெருவாக அலைந்தான். பிறகு பிச்சை எடுத்தான்.

வீடுகளுக்கு அப்போது கதவு எண் கிடையாது. வாசலில் தொங்கும் பலகையில் உள்ள படத்தை வைத்துத்தான் அடையாளம் சொல்வார்கள். ஆற்றின் நடுவே உள்ள தீவில், கலாந்தர் தெருவில், பெரிய சேவல் படம் போட்ட ஒரு வீடு இருந்தது. அந்தச் சேவல் வீட்டில்தான் ரெனோதோ தம் நிலையத்தைத் திறந்தார். என்னென்ன தேவைகளை அங்கே பதியலாம் என்று பட்டியல் போட்டு 1630-ம் ஆண்டு ஒரு சிறு புத்தகமும் வெளியிட்டார்.

சேவலின் வேலை கூவுவது. இந்தச் சேவல் வீட்டிலோ கூச்சலே இல்லை!

மூன்று சூ

நிலையத்தில் நடந்த வேலை மிக எளிது. உள்ளே மேஜை. மேஜையில் பெரிய பதிவேடு. எதிரே ஒரு குமாஸ்தா. வந்தவர் தம் தேவையைச் சொல்வார். குமாஸ்தா எழுதிக்கொள்வார். அதே தேவைக்குப் பொருத்தமான வேறு பதிவு இருக்கிறதா என்று ஏட்டைப் புரட்டிப் பார்ப்பார். இருந்தால் எடுத்துக் கொடுப்பார்.

கட்டணம் மூன்று சூ. சூ என்பது அன்றைய சிறு நாணயம். 20 சூ சேர்ந்தால் ஒரு லிவர். ஏழைகளுக்கு அந்த மூன்று சூவும் கிடையாது. இலவசம்!

வீடு வாடகைக்கு வேண்டுமா? நிலம் விற்க வேண்டுமா? பிள்ளைக்குப் பாடம் சொல்ல வாத்தியார் வேண்டுமா? சமையலுக்கு ஆள் வேண்டுமா? தூரதேசப் பயணத்துக்குத் துணை வேண்டுமா? எல்லாவற்றுக்கும் அந்த ஒரே மேஜை.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. வீடு தேடி வந்தவருக்கு வீட்டைப் பற்றித்தான் சொன்னார்கள். வேலை தேடி வந்தவருக்கு வேலையைப் பற்றித்தான் சொன்னார்கள். தெருவில் சும்மா போகிறவரை யாரும் பிடித்து இழுக்கவில்லை. கேட்டவருக்குக் கேட்டது. அவ்வளவுதான்!

புதுமை என்றால் கேலியும் வரும் அல்லவா? இந்த நிலையத்தை வைத்து அரண்மனையில் ஒரு வேடிக்கை நாட்டியமே ஆடினார்கள். ஆனால் கேலி செய்தவர்களும் வேலைக்காரன் தேவைப்பட்டபோது சேவல் வீட்டைத் தேடத்தான் வேண்டியிருந்தது.

கெஜட் பிறந்தது

பல ஊர்க்காரர்கள் வந்துபோகும் இடத்தில் பல ஊர்ச் செய்திகளும் சேரும். அந்தச் செய்திகளை அச்சடித்தால் என்ன என்று ரெனோதோவுக்குத் தோன்றியது. 1631-ம் ஆண்டு மே மாதம் 30-ந் தேதி, அவருடைய வாரப் பத்திரிகையின் முதல் இதழ் வெளிவந்தது. நான்கே பக்கம். அதன் பெயர் கெஜட். இத்தாலியில் வெனிஸ் நகரத்தில் வழங்கிய ஒரு சிறு காசின் பெயரிலிருந்து இந்தச் சொல் வந்தது என்பார்கள். அரசாங்க கெஜட் என்று இன்று தமிழிலும் வழங்குவது இதே சொல்தான்.

பத்திரிகைக்கு மந்திரி ரிஷலியூவின் ஆதரவு இருந்தது. செய்தி அச்சிடும் தனி உரிமையும் ரெனோதோவுக்குக் கிடைத்தது. அவருக்கு முன்பே செய்தித்தாள் தொடங்கியிருந்த புத்தக வியாபாரிகள் இதனால் நஷ்டப்பட்டார்கள்.

ஆதரவுக்கு விலையும் உண்டு. மந்திரிக்குப் பிடித்த செய்தி கெஜட்டில் வந்தது. பிடிக்காத செய்தி வரவில்லை. மன்னரும் மந்திரியும் தாங்களே எழுதி அனுப்பியதும் உண்டு. படித்தவர்களுக்கு எது நடந்த செய்தி, எது அரசாங்கத்தின் பிரசாரம் என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. ரெனோதோவின் வாழ்க்கையில் ஒரு கறை உண்டு என்றால் அது இதுதான்.

விளம்பரத்துக்குத் தனித் தாள்

ஆனால் விற்பனை விளம்பரத்தில் அவர் வேறு மாதிரி நடந்துகொண்டார். நிலையத்தின் விளம்பரங்களுக்கு என்றே தனியாக ஒரு தாள் அச்சிட்டார். நிலையத்தின் தாள் என்றே அதற்குப் பெயர். 1633-ம் ஆண்டு செப்டம்பர் முதல் தேதி வெளிவந்த தாளில் இருந்தவை இன்றும் தெரிகின்றன.

அந்தத் தாளில் விளம்பரங்கள் கலந்துகட்டியாக இல்லை. ஒவ்வொன்றுக்கும் தலைப்பு உண்டு. விற்பனைக்கு வரும் நிலங்கள் ஓர் இடத்தில். பாரிசில் விற்கும் வீடுகள் ஓர் இடத்தில். வாடகைக்கு விடும் வீடுகள் ஓர் இடத்தில். வாடகைக்கு வீடு தேடுவோர் மற்றோர் இடத்தில். பிறகு வீட்டுச் சாமான்கள். கடைசியில் பலவகை.

தைத்து முடியாத புதுச் சிவப்புச் சட்டை ஒன்று விற்பனைக்கு இருந்தது. இத்தாலிக்குப் போக 15 நாளில் புறப்படுகிற ஒருவர் வழித்துணை தேடினார். இன்னொருவரிடம் இளம் ஒட்டகம் ஒன்று இருந்தது. நியாயமான விலைக்குக் கொடுக்கத் தயார்!

பாரிசில் ஒட்டகம் வாங்க எத்தனை பேர் இருப்பார்கள்? ஒருவர் இருந்தாலே அதிகம். அந்த ஒருவருக்காக ஊர் முழுவதும் தமுக்கு அடித்தால் எல்லோருக்கும் தொல்லை. தாளில் ஒரு வரி போட்டால் யாருக்கும் தொல்லை இல்லை. வேண்டியவர் பார்ப்பார். வேண்டாதவர் அடுத்த தலைப்புக்குப் போய்விடுவார்.

இன்னொரு விஷயமும் கவனிக்கத் தக்கது. விற்பவரின் பெயரைத் தாளில் போடவில்லை. அதற்குப் பதிலாகப் பதிவேட்டின் எண்ணையும் பக்கத்தையும் போட்டார்கள். பொருள் வேண்டியவர் நிலையத்துக்கு வந்து அந்த எண்ணைச் சொல்ல வேண்டும். கஷ்டகாலத்தில் வீட்டையும் துணிமணியையும் விற்கிறவருக்கு மானம் பெரிது அல்லவா? அவருடைய பெயர் ஏட்டுக்குள் பத்திரமாக இருந்தது.

திங்கட்கிழமைக் கூட்டம்

சேவல் வீடு வெறும் வியாபார இடமாக இருக்கவில்லை. 1633-ம் ஆண்டு முதல் திங்கட்கிழமை தோறும் அங்கே ஒரு கூட்டம் நடந்தது. யார் வேண்டுமானாலும் வரலாம். பேசலாம். கேட்கலாம். அன்றைய படிப்பாளிகள் லத்தீன் மொழியில்தான் விவாதம் செய்வார்கள். இங்கேயோ பேச்சு எல்லாம் மக்களுக்குப் புரியும் பிரெஞ்சு மொழியில்! மதச் சண்டையும் அரசியலும் மட்டும் பேசக் கூடாது. இந்தக் கூட்டங்கள் 1642-ம் ஆண்டு வரை நடந்தன. பேசியவற்றை அச்சிட்டும் வெளியிட்டார்கள்.

1637-ம் ஆண்டு அங்கே ஓர் அடகுக் கடையும் தொடங்கியது. ஏழைகள் பொருளை வைத்துக் குறைந்த வட்டிக்குக் கடன் வாங்கலாம். வட்டிக்கடைக்காரர்களுக்கு இது பிடிக்கவில்லை.

அதன் பிறகு ரெனோதோ தம் பழைய ஆசைக்குத் திரும்பினார். ஏழைகளுக்கு இலவச வைத்தியம் தொடங்கினார். பல வைத்தியர்கள் ஒன்றாக உட்கார்ந்து நோயாளிகளைப் பார்த்தார்கள். ஏழைகளுக்கு மருந்தும் கிடைத்தது.

நேரில் வர முடியாதவர்களுக்கு என்ன செய்வது? அதற்கும் ஒரு வழி கண்டார். 1642-ம் ஆண்டு ஒரு சிறு புத்தகம் வெளியிட்டார். உடம்பின் படங்களும் நோயின் குறிகளும் அதில் அச்சாகியிருந்தன. எங்கே வலி, எப்படி வலி என்று நோயாளி அதில் அடையாளம் போட்டு அனுப்பினால் போதும். பாரிசில் இருக்கும் வைத்தியர் அதைப் பார்த்து மருந்து சொல்வார். தபாலில் வைத்தியம்!

பகை மூண்டது

ஏழைகள் வாழ்த்தினார்கள். பாரிஸ் நகரத்து வைத்தியக் கல்லூரி கொதித்தது.

பாரிசில் வைத்தியம் பார்க்கப் பாரிஸ் கல்லூரியில் படித்தவர்களுக்கே உரிமை என்பது அவர்கள் வாதம். ரெனோதோ மோன்பெல்லியேவில் படித்தவர். அரச வைத்தியர் என்ற பட்டம்தான் அவருக்குக் கவசம். மேலும் பாரிஸ் வைத்தியர்கள், ரத்தத்தை வடிப்பதையும் பேதிக்குக் கொடுப்பதையுமே பெரிதாக நம்பினார்கள். ரெனோதோவும் அவருடைய நண்பர்களும் உலோகங்களிலிருந்து காய்ச்சி எடுத்த புது மருந்துகளைக் கொடுத்தார்கள். இது சண்டைக்கு எண்ணெய் ஊற்றியது.

எதிரிகளில் முக்கியமானவர் கீ பத்தேன். பாரிஸ் கல்லூரி வைத்தியர். பேனாவே அவருக்குக் கத்தி. ரெனோதோவின் மூக்கு சப்பை மூக்கு. பத்தேன் அந்த மூக்கைக்கூட விட்டுவைக்கவில்லை! ரெனோதோ வழக்குப் போட்டுப் பார்த்தார். வெற்றி கிடைக்கவில்லை.

ரெனோதோவின் பிள்ளைகள் இருவர், இசாக்கும் யூசேபும், அதே பாரிஸ் கல்லூரியில் வைத்தியம் படித்தார்கள். படித்து முடித்தும் பட்டம் கொடுக்கக் கல்லூரி மறுத்தது. அப்பாவின் நிலையத்தில் எங்களுக்குச் சம்பந்தம் இல்லை என்று அவர்கள் எழுதிக் கொடுக்க வேண்டுமாம்! தகப்பன் மேல் உள்ள கோபம் பிள்ளைகள் தலையில் விழுந்தது. பல ஆண்டு இழுத்தடித்த பிறகே அவர்களுக்குப் பட்டம் கிடைத்தது.

குடை சாய்ந்தது

ரிஷலியூ உயிரோடு இருந்தவரை ரெனோதோவை யாராலும் அசைக்க முடியவில்லை. 1642-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 4-ந் தேதி ரிஷலியூ காலமானார். ஐந்தே மாதம் கழித்து, 1643-ம் ஆண்டு மே மாதம் 14-ந் தேதி, மன்னர் 13-ம் லூயியும் இறந்தார்.

நிழல் தந்த இரண்டு குடைகளும் போயின. வெயில் நேராகத் தலையில் அடித்தது.

பாரிஸ் கல்லூரி வழக்குத் தொடுத்தது. வழக்கு பாரிஸ் உயர்நீதி மன்றத்துக்குப் போயிற்று. 1644-ம் ஆண்டு மார்ச் முதல் தேதி தீர்ப்பு. ரெனோதோ பாரிசில் வைத்தியம் பார்க்கக் கூடாது. ஏழைகளுக்கான இலவச வைத்தியம் நிற்க வேண்டும். அடகுக் கடையை மூட வேண்டும்.

ஏழைகளுக்குத் திறந்த கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. கெஜட்டும் பதிவு நிலையமும் மட்டும் அவர் கையில் மிஞ்சின.

கடைசிக் காலம்

ரெனோதோ மனம் ஒடிந்துவிடவில்லை. வாரம் தவறாமல் கெஜட்டை நடத்தினார். 1646-ம் ஆண்டு அவருக்கு அரச சரித்திர ஆசிரியர் என்ற பதவி கிடைத்தது. 1649-ம் ஆண்டு பாரிசில் கலகம் மூண்டது. சிறு பிள்ளையாக இருந்த 14-ம் லூயி மன்னரும் தாயாரும் நகரத்தை விட்டு வெளியேறினார்கள். ரெனோதோவும் அவர்களோடு போய், அங்கேயே அச்சு இயந்திரத்தை வைத்துச் செய்தி அச்சிட்டார்.

1653-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 25-ந் தேதி ரெனோதோ பாரிசில் காலமானார். ஊராருக்கு வேலையும் வீடும் கடனும் மருந்தும் தேடிக் கொடுத்தவர், தமக்கென்று செல்வம் எதையும் சேர்த்துவைக்கவில்லை. அவர் ஏழையாக இறந்ததை எதிரி பத்தேனே எழுதி வைத்திருக்கிறார்.

அவர் தொடங்கிய கெஜட் அவரோடு போய்விடவில்லை. பிள்ளைகள் நடத்தினார்கள். பிறகு பேரன் நடத்தினார். பல கைகள் மாறி, 1915-ம் ஆண்டு வரை, 284 ஆண்டுகள் அது நடந்தது. பதிவு நிலையத்தின் யோசனை கடல் தாண்டி இங்கிலாந்துக்கும் போயிற்று. சாமுவேல் ஹார்ட்லிப் என்ற அறிஞர் லண்டனிலும் இப்படி ஒன்று வேண்டும் என்று பாடுபட்டார். 1926-ம் ஆண்டு பிரெஞ்சுப் பத்திரிகையாளர்கள் ஓர் இலக்கியப் பரிசு ஏற்படுத்தி, அதற்கு ரெனோதோ பரிசு என்று பெயர் வைத்தார்கள். பிரான்சின் பெரிய பரிசுகளில் இன்று அதுவும் ஒன்று.

திரையில் வந்த தெருக்கூச்சல்

காலம் மாறியது. தெருவில் கேட்ட கூச்சல் கைபேசித் திரைக்கு வந்துவிட்டது.

1994-ம் ஆண்டு அக்டோபர் மாதம், அமெரிக்காவில் ஹாட்வயர்டு என்ற இணையப் பத்திரிகையில் பட்டை வடிவ விளம்பரம் வந்தது. பார்த்தவர்கள் ஆவலோடு தொட்டுப் பார்த்தார்கள். பிறகு வந்தன தொல்லைகள்! துள்ளி எழுந்து திரையை மறைக்கும் விளம்பரம். தானாகப் பாடும் விளம்பரம். மூடும் குறியை ஒளித்துவைக்கும் விளம்பரம். பொறுமை இழந்த மக்கள், விளம்பரத்தையே தடுக்கும் கருவிகளைப் பூட்டிக்கொண்டார்கள். இதனால் நல்ல பத்திரிகைகளுக்கும் வருமானம் குறைந்தது.

2000-ம் ஆண்டு கூகுள் நிறுவனம் வேறு ஒரு வழியைக் கையாண்டது. ஒருவர் எந்தச் சொல்லைத் தேடுகிறாரோ, அந்தச் சொல்லுக்குப் பொருத்தமான சிறு விளம்பரத்தைப் பக்கத்தில் காட்டியது. குடை என்று தேடினால் குடைக்கடை. ரெனோதோவின் குமாஸ்தா ஏட்டைப் புரட்டிச் சொன்னது போலத்தான்!

ஆனால் பொருத்தம் என்ற பெயரில் இன்னொன்றும் நுழைந்தது. ஒருவர் எந்தப் பக்கத்தைப் பார்த்தார், எவ்வளவு நேரம் பார்த்தார், எந்தப் பொருளைத் தொட்டார் என்று அவருக்குத் தெரியாமலே குறித்துக்கொள்கிறார்கள். ஒரு தடவை செருப்பைப் பார்த்தால், அந்தச் செருப்பு ஒரு மாதம் பின்னாலேயே வருகிறது! வீட்டில் யாருக்கு என்ன நோய் என்பதுகூட வெளியாட்களுக்குத் தெரிந்துபோகலாம். இதைக் கண்டு ஐரோப்பிய நாடுகள் 2018-ம் ஆண்டு ஒரு சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தன. ஒருவரைப் பற்றிய தகவலைப் பயன்படுத்தச் சரியான காரணம் வேண்டும். பல விஷயங்களில் அவருடைய சம்மதமும் வேண்டும் என்று அந்தச் சட்டம் கூறுகிறது.

சேவல் வீட்டு ஏட்டில் இருந்தது என்ன? வந்தவர் தாமாகச் சொன்னது மட்டுமே. அவர் பின்னால் யாரும் ஆள் விட்டு உளவு பார்த்து எழுதியது அல்ல. விற்பனை விளம்பரங்களுக்குத் தனித் தாள் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் தலைப்பு இருந்தது. பெயர் மறைவாக இருந்தது. இல்லாதவரிடம் காசு வாங்கவில்லை.

விளம்பரம் கெட்டது அல்ல. ஒருவருக்கு வேண்டியது இன்னொருவரிடம் இருக்கிறது. அதைச் சொல்ல ஒரு வழி வேண்டும். சொல்லும் முறையில்தான் நன்மையும் தொல்லையும் இருக்கின்றன. காதைப் பிடித்து இழுத்துச் சொன்னால் அது தொல்லை. மறைந்திருந்து கவனித்துச் சொன்னால் அது துரோகம். கேட்டு வந்தவருக்கு உண்மையாகச் சொன்னால் அது உதவி.

கிராமத்திலிருந்து வேலை தேடி வந்த ஓர் ஏழைப் பையன், பாரிஸ் தெருவில் கால் வலிக்க நடக்கிறான். எங்கும் ஒரே கூச்சல். கடைசியில் சேவல் படம் போட்ட ஒரு வீட்டைப் பார்க்கிறான். உள்ளே போகிறான். குமாஸ்தா அவன் தேவையைக் கேட்டு எழுதிக்கொள்கிறார். அவனிடம் மூன்று சூ கேட்கவில்லை. ஏட்டைப் புரட்டுகிறார். ஒரு பக்கத்தில் விரல் நிற்கிறது.

அந்த ஒரு பக்கத்துக்காகத்தான் ரெனோதோ தம் வாழ்நாளைச் செலவிட்டார்.